எதிரே நிற்பவர்: டெல்லி கணேஷின் நடிப்பு



திரை நடிப்பைப் பற்றிப் பேச வேண்டும், யாரைப் பற்றி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். சிவாஜி கணேசனைப் பற்றிப் பேசியிருக்கலாம். எத்தனை முறை பேசினாலும் தீராத பொருள் அது. ஆனால் அவரைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது இன்னொரு கணேசனைப் பற்றி. 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, அவற்றில் பெரும்பாலானவற்றில் நாயகன், நாயகி, வில்லன் எல்லோருக்கும் பிறகு பெயர் போடப்பட்டவர். 2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு, தம் 80ஆம் வயதில் சென்னையில் காலமான டெல்லி கணேஷ்.

ஒரு காட்சியில் இருவர் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வசனம் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். வசனம் சொன்னவரை நாம் கொண்டாடுகிறோம். கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த வசனம் நமக்கு உண்மையாகப் பட்டதா இல்லையா என்பதைப் பாதிக்குப் பாதி தீர்மானிப்பவர் எதிரே நின்று கேட்டவர்தான். அவர் நம்பினால் நாமும் நம்புகிறோம். அவர் அடுத்த வரிக்காகக் காத்து நிற்பது தெரிந்தால் நமக்கும் அது நடிப்பென்று தெரிந்துவிடுகிறது. டெல்லி கணேஷ் இந்த எதிரே நிற்கும் கலையைத் தம் காலத்தில் யாரையும்விட நன்றாக அறிந்திருந்தார் என்பது என் துணிபு. அதை அவர் எங்கே கற்றார், எப்படிக் கையாண்டார் என்பதைத்தான் இன்று சொல்ல முயல்கிறேன்.

1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி, திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள வல்லநாட்டில் பிறந்தவர் கணேசன். 1964இல் இந்திய விமானப் படையில் சேர்ந்தார். பத்தாண்டுகள் அங்கே வேலை. 1965, 1971 என்று இரண்டு போர்கள் அந்தப் பத்தாண்டுக்குள் வருகின்றன. சினிமாவுக்கு வரத் துடித்து, கோடம்பாக்கத்தில் பட்டினி கிடந்து, ஸ்டூடியோ வாசலில் நின்ற கதை இவருடையதல்ல. மாதச் சம்பளமும் சீருடையும் உள்ள ஓர் இளைஞர், தலைநகரில் ஓய்வு நேரத்தில் தமிழ் நாடகம் போட்டார். தட்சிண பாரத நாடக சபா என்ற குழுவில் நடித்துத்தான் அவர் நடிகரானார்.

டெல்லித் தமிழ் மேடையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் நாடக வரலாறுகளில் அதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. மத்திய அரசு அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் அதிகாரிகளாகவும் போய்ச் சேர்ந்த தமிழர்கள், கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடித்தனம் வைத்து, மாலையில் ஒத்திகை பார்த்து, வார இறுதியில் மேடையேறினார்கள். டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த பூர்ணம் விசுவநாதன் அந்த ஊரிலிருந்து வந்தவர்தான். பின்னாளில் சென்னை மேடையில் சுஜாதாவின் நாடகங்களுக்கு அவர் உயிர் கொடுத்ததை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பூர்ணத்தையும் கணேஷையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இருவரும் குரலை உயர்த்தாமலே அரங்கத்தைப் பிடிப்பவர்கள். கையை ஆட்டிப் பேசுவது குறைவு. வீட்டுக் கூடத்தில் பேசுகிற மாதிரிப் பேசுவார்கள், ஆனால் ஓர் எழுத்துகூட விழுங்கப்படாது.

1974இல் விமானப் படையை விட்டு வந்த கணேசன், சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் குழுவில் சேர்ந்தார். சபா நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மாணவ நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சபா என்பது உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் சங்கம். அந்தச் சந்தாவுக்கு ஈடாக மாதந்தோறும் கச்சேரியோ நாடகமோ நடக்கும். நாடகக் குழுவுக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுவார்கள். சீன் படுதாவும் நாற்காலி மேசையும் வேனில் வந்திறங்கும். நடிகர்கள் வங்கியிலிருந்தும் ஏ.ஜி. ஆபீஸிலிருந்தும் நேரே வந்து முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு மாலை ஆறரைக்கு மேடையேறுவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் ஆபீஸ். பிழைப்புக்கு வேலை இருந்ததால் நாடகத்தில் பணம் பண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. அதனாலேயே அந்த மேடையில் ஒரு சுதந்திரம் இருந்தது.

அந்த மேடையைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: சோபாவைப் போட்டு உட்கார்ந்து ஜோக் அடிப்பார்கள், அவ்வளவுதான் என்று. நான் அந்தக் கட்சியில் இல்லை. மேடைக்கு முன்னால் தொங்கும் இரண்டு மூன்று மைக்குகள்தான் எல்லோருக்கும். எந்த இடத்தில் நின்றால் குரல் எடுக்கும், எப்போது ஓரடி முன்னே வர வேண்டும் என்பது உடம்புக்குப் பழக வேண்டும். அதைவிட முக்கியம், சிரிப்பு. ஒருவர் நகைச்சுவை வசனம் சொல்லி முடித்ததும் அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனம் வரக்கூடாது, வந்தால் காதில் விழாது. அந்த ஐந்தாறு விநாடி எதிரே நிற்பவர் என்ன செய்வார்? அவரும் சிரித்துவிட்டால் காட்சி போயிற்று. சும்மா நின்றால் பொம்மை மாதிரி இருக்கும். அப்போதுதான் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டவர்போலத் திகைக்க வேண்டும், கோபப்பட வேண்டும், யோசிக்க வேண்டும். நூறு காட்சி ஒரே நாடகம் போட்டால், நூறு தடவையும் முதல் தடவையாகக் கேட்க வேண்டும். டெல்லி கணேஷின் பள்ளிக்கூடம் இந்த ஐந்தாறு விநாடிதான்.

விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகம் கே. பாலசந்தரின் கண்ணில் பட்டது. கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து சிதறும் ஒரு குடும்பத்தின் கதை. 1977இல் அதைப் படமாக எடுத்தபோது நாடகத்தில் நடித்த கணேசனையும் எடுத்துக்கொண்டு, ‘டெல்லி கணேஷ்’ என்று பெயரும் வைத்தார். பாலசந்தர் தாமே ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர். நாகேஷ் ரயில்வே ஊழியர். தமிழ் சினிமாவில் 1960களிலும் 70களிலும் வந்த ஒரு நடிப்பு முறையை, மாதச் சம்பளக்காரர்கள் கொண்டுவந்த நடிப்பு என்றே சொல்லலாம்.

இரண்டே ஆண்டுகளில் அவருக்கு ‘பசி’ வந்தது. துரை இயக்கி 1979இல் வெளியான படம். சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக ஷோபா நடித்தார். அதற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். சில மாதங்களுக்குள் நம்மை விட்டுப் போயும்விட்டார். அந்தப் பெண்ணின் தகப்பன் முனியாண்டி, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர். அந்த வேடம் டெல்லி கணேஷுக்கு. மாநில அரசு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

‘பசி’யைத் திரும்பப் பார்க்கும்படி மாணவர்களை நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வேன். தாமிரபரணிக்கரையில் பிறந்து, விமானப் படையில் பத்தாண்டு இருந்து, சபா மேடையில் நடுத்தர வர்க்கத் தமிழ் பேசிப் பழகியவர் அதில் சென்னைப் பேச்சு பேசுகிறார். அந்தக் காலத்துப் படங்களில் மெட்ராஸ் பாஷை பெரும்பாலும் சிரிப்புக்காகவே வரும். ஒருவன் ‘இன்னா நைனா’ என்றால் தியேட்டர் சிரிக்கத் தயாராகிவிடும். முனியாண்டி பேசும்போது சிரிப்பு வருவதில்லை. களைத்த மனிதனின் தாய்மொழியாக அது வருகிறது. நாள் முழுவதும் பெடல் மிதித்துவிட்டு வந்து குந்தும்போது அவர் தோளைப் பாருங்கள், அது கீழே தொங்கும். குடிசையில் பிள்ளைகள் நிறைய, சோறு கொஞ்சம். தகப்பனின் அதிகாரம் குரலில் மட்டும் மிச்சமிருக்கிறது, கண்ணில் இல்லை. ஷோபா அந்தப் படத்தில் அவ்வளவு உயரத்துக்குப் போக முடிந்ததென்றால், அந்தப் பெண் ஓர் உண்மையான வீட்டிலிருந்து கிளம்பி வருகிறாள் என்று நாம் நம்பியதும் ஒரு காரணம். அந்த வீட்டைக் கட்டியவர்களில் டெல்லி கணேஷ் ஒருவர்.

கதாநாயகனாகவும் ஒருமுறை நடித்துப் பார்த்தார், 1981இல் ‘எங்கம்மா மகாராணி’யில். அது அவர் பாதையாக அமையவில்லை. அதில் நமக்கு நஷ்டமில்லை என்று நினைக்கிறேன்.

1985இல் ‘சிந்து பைரவி’. பாலசந்தர் இயக்கம், இளையராஜா இசை. ஜே.கே.பி. என்ற கர்நாடக சங்கீத வித்வானாகச் சிவகுமார். தம்புராக்காரராக ஜனகராஜ், மிருதங்க வித்வான் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ். குருமூர்த்திக்கு ஒரே பலவீனம், குடி. குடித்துவிட்டு வந்தவரை ஜே.கே.பி. ஒதுக்கிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்கிறார். கதையின் பிற்பகுதியில் அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகி வீதிக்கு வருகிறார். ஒழுக்கத்தின் பேரால் அன்று தண்டித்தவரை, தண்டிக்கப்பட்டவர் இன்று பார்க்க வேண்டியிருக்கிறது. படத்தின் மையக் கதை ஜே.கே.பி., அவர் மனைவி பைரவி, அவர் காதலிக்கும் சிந்து மூவருடையது என்பதால் இந்த இழையை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் படத்தின் நியாயத் தராசு குருமூர்த்தியின் கையில்தான் இருக்கிறது. தம்மை அவமானப்படுத்தியவரின் வீழ்ச்சியைக் கண்டு டெல்லி கணேஷின் முகத்தில் துளித் திருப்தி தெரிந்திருந்தால், படம் வேறொன்றாகப் போயிருக்கும். தெரியவில்லை. துக்கம் மட்டும் இருக்கிறது.

கச்சேரி மேடையில் மிருதங்கக்காரரின் கண் பாடகரின் கையிலும் முகத்திலும் இருக்கும். இவர் எங்கே எடுப்பார், எங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அந்த இடத்தில் வாசிப்பைக் குறைத்து இடம் விட வேண்டும். டெல்லி கணேஷ் படமெங்கும் செய்தது இதைத்தான். கமல்ஹாசனோடு அவர் நடித்த படங்களில் இது பளிச்சென்று தெரியும்.

மணிரத்னத்தின் ‘நாயகன்’ 1987இல் வந்தது. தாராவித் தமிழர்களின் தலைவனாக வளரும் வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல ஐயர் என்ற துணையாக டெல்லி கணேஷ். நாயகன் சொல்லும் ஒவ்வொரு மிரட்டலும் ஐயரின் வாய்வழியாகத்தான் எதிராளியைச் சேர்கிறது. மிரட்டுபவரின் உறுதியும், அதை மொழிபெயர்க்கும் சாது மனிதரின் நடுக்கமும் ஒரே சட்டகத்தில் இருப்பதால் மிரட்டலுக்கு இரட்டிப்பு வலு வந்துவிடுகிறது. கமலை அந்தப் படத்தில் எல்லோரும் அஞ்சும் மனிதராக நாம் நம்புவதற்கு, பக்கத்தில் நின்று அஞ்சிய ஐயரும் ஒரு சாட்சி.

அடுத்து இரண்டு படங்கள். இரண்டையும் இயக்கியவர் சிங்கீதம் சீனிவாச ராவ், இரண்டுக்கும் வசனம் கிரேஸி மோகன், அவரும் சபா மேடைக்காரர். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், டெல்லி கணேஷ் என்று நான்கு பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு நேர்மையான போலீஸ் அதிகாரியைக் கொல்கிறார்கள். நால்வரில் பிரான்சிஸ் அன்பரசுவாக வந்தவர் நம் கணேஷ். அதே ஆள் 1990 தீபாவளிக்கு வெளியான ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் பாலக்காடு மணி ஐயர் என்ற சமையல்காரராக வந்து நிற்கிறார். ஒன்றரை ஆண்டு இடைவெளி. கொலைகாரனின் சாயை அந்த முகத்தில் எங்குமே இல்லை. மிருதங்க உலகின் மேதை ஒருவரின் பெயரும் பாலக்காடு மணி ஐயர். ‘சிந்து பைரவி’யின் மிருதங்க வித்வானே இந்தப் பெயரோடு கரண்டி பிடித்து வந்ததைப் பார்த்துச் சங்கீத ரசிகர்கள் புன்னகைத்திருப்பார்கள்.

மணி ஐயர் எடுத்து வளர்த்த பிள்ளை காமேஸ்வரனாகக் கமல். இருவரும் பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறார்கள். மலையாள ராகத்தில் இழுத்து, வாக்கிய முடிவில் ஒரு சுழி சுழித்துப் போகும் பேச்சு. கல்யாண வீட்டில் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பந்தி நடந்துகொண்டிருக்கிறது, இலையில் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள், சாம்பாருக்குள் மீன். கத்தினால் கல்யாணம் நிற்கும். கத்தாவிட்டால் பாவம். அப்பனும் பிள்ளையும் கிசுகிசுப்பில் பதறுகிறார்கள்.

அந்தக் காட்சியை டெல்லி கணேஷை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நகைச்சுவைக் காட்சியில் இருக்கிறோம் என்ற தகவலே அவருக்கு வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சைவச் சமையல் செய்து சேர்த்த பேர் ஒரு நிமிடத்தில் போகப்போகிறது என்ற மெய்யான பீதி அந்த முகத்தில் இருக்கிறது. கமலின் வேகம் அதில் அசாத்தியமானது. கிரேஸி மோகன் வசனத்தில் ஒரு சிரிப்பு முடிவதற்குள் அடுத்தது வரும். அந்த வேகத்துக்கு எதிரே இன்னொருவரும் அதே வேகத்தில் ஓடினால் காட்சி கூச்சலாகிவிடும். கணேஷ் அரை விநாடி தாமதிக்கிறார். பிள்ளை சொன்னது மண்டையில் ஏற அந்த அரை விநாடி. ஏறியதும் வயிறு கலங்க இன்னொரு அரை விநாடி. நாம் சிரிப்பது அந்த இடத்தில். சபா மேடையில் சிரிப்பு அடங்கக் காத்திருந்து கற்ற பாடம், பார்வையாளரே இல்லாத ஸ்டூடியோவில், சிரிப்பு எங்கே வரும் என்று ஊகித்துச் செய்யப்படுகிறது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பேசியது படத்துக்கு வராது. டப்பிங் தியேட்டரில் துண்டுப் படத்தை லூப்பாகச் சுற்றவிட்டு, உதட்டசைவுக்குப் பொருந்த மறுபடியும் பேச வேண்டும். கிசுகிசுப்பையும் மூச்சிரைப்பையும் பாலக்காட்டுச் சுழியையும் இருட்டறையில் மைக் முன்னால் நின்று இரண்டாம் முறை பிறப்பிக்க வேண்டும். டெல்லி கணேஷ் வேறு நடிகர்களுக்குக் குரல் கொடுத்தவரும்கூட. குரல் அவருக்குத் தனிக் கருவியாகவே இருந்தது.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எண்பதுகளில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததும், மாலை ஆறரைக்குச் சபாவுக்குக் கிளம்பியவர்கள் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சபா நாடகம் தேய்ந்ததற்கு இது பெரிய காரணம். ஆனால் அதே பெட்டி நாடக நடிகர்களுக்கு வேலையும் கொடுத்தது. காரணம் எளிது. தொலைக்காட்சித் தொடருக்குப் பணமும் நாளும் குறைவு. இரண்டு பக்க வசனத்தை மனப்பாடமாகச் சொல்லி, ஒரே டேக்கில் முடிக்கும் ஆள் வேண்டும். அது சபா நடிகர்களுக்குக் கைவந்த கலை. பாலசந்தரே தொண்ணூறுகளில் சின்னத்திரைக்கு வந்தார். அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேச’த்தில் டெல்லி கணேஷும் நடித்தார். பிறகு பல தொடர்கள்.

தொடர் நடிப்பை மட்டமாகப் பேசுவது நம்மிடம் ஒரு பழக்கம். தினத்தொடரில் காட்சித் தாள் காலையில்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுக்க, அதைக் காதில் வாங்கியபடியே முகத்தைக் காத்துக்கொண்டு பேச வேண்டும். கதை எங்கே போகிறது என்று நடிகருக்கே தெரியாது. இந்த நெருக்கடியில் ஒரு தாத்தாவை, ஒரு மாமாவை நம்பும்படி நிறுத்துவது எவ்வளவு பெரிய உழைப்பு! சினிமாவில் அரை மணி நேரம் வந்துபோனவரைத் தமிழ்க் குடும்பங்கள் ‘நம்ம வீட்டுப் பெரியவர்’ என்று கொண்டாடத் தொடங்கியது சின்னத்திரையால்தான்.

கடைசிவரை நடித்துக்கொண்டிருந்தார். இளைஞர்களின் குறும்படங்களுக்கும் போனார். அவர் நடித்த ‘இந்தியன் 2’ அவர் மறைந்த 2024ஆம் ஆண்டில்தான் வெளியானது. இறுதிச் சடங்கின்போது விமானப் படையினர் வந்து, படையின் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விலகிப் போன ஒருவரைப் படை மறக்கவில்லை.

கலை உலகத்தைச் சேர்ந்த நாம் என்ன செய்தோம் என்று கேட்க வேண்டிய இடம் இது. ‘பட்டினப் பிரவேசம்’ படமாக இருக்கிறது. ஆனால் அவர் மேடையில் நடித்த அந்த நாடகத்தை இன்று எங்கே போய்ப் பார்ப்பது? சபா நாடகங்களில் பெரும்பாலானவை நடித்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. தொலைக்காட்சியின் ஆரம்ப கால நாடகங்கள் பலவற்றின் நாடாக்கள் மேலே மேலே பதிவு செய்யப்பட்டு அழிந்துபோயின. நாயகர்களின் ஒவ்வொரு அசைவையும் எழுதி வைத்திருக்கிறோம். எதிரே நின்றவர்களிடம் தொழில் நுணுக்கம் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் மிகக் குறைவு. நேர்காணல்களில் அவர்களிடம் நாம் கேட்பதெல்லாம், அந்த நடிகர் எப்படிப் பழகுவார், இந்த நடிகர் என்ன சொன்னார் என்பதுதான்.

டெல்லி கணேஷோடு ஒத்திகை பார்த்தவர்கள், வசனம் எடுத்துக்கொடுத்தவர்கள், டப்பிங் அறையில் பக்கத்தில் நின்றவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். வீட்டுப் பரணில் தட்டச்சுப் பிரதியாக நாடகங்கள் வைத்திருப்பவர்கள் உண்டு, ஓரத்தில் பென்சிலால் ‘இங்கே சிரிப்பு’ என்று குறித்தபடி. மாணவர்கள் ஆளுக்கொரு மூத்த நடிகரைத் தேடிப் போய், அவர் ஒரு காட்சியை எப்படிக் கட்டினார் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பிரதிகளை நகலெடுத்து நூலகத்தில் வைக்க வேண்டும். இந்தச் சொற்பொழிவுக்காக எனக்குத் தரப்படும் தொகையை அந்தப் பணிக்கு முதல் தவணையாக, இதை நடத்தும் அறக்கட்டளையிடமே திருப்பித் தருகிறேன். அடுத்த சொற்பொழிவுக்கு முன்பே முதல் பதிவுகள் கேட்கக் கிடைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.